அந்த ஆணை யாருக்குத் தெரிந்திருந்தது?

(முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்காக நடந்த ஒருநாள் பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'பொதுக் கொள்கையில் முதுகலை படித்தால் என்ன வேலைக்குப் போகலாம்?' என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் என் அம்மா. "டாக்டருக்குப் படிச்சா டாக்டரு, வக்கீலுக்குப் படிச்சா வக்கீலு. நீ படிச்சதுக்குப் பேரு என்ன தம்பி?" என்றார். படிப்பை முடித்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் நான்கு வேலைகள் பார்த்துவிட்டேன். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவை. இன்றுவரை அம்மாவுக்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் அந்தப் பதில் அம்மாவின் கதைக்குள்ளேயே இருக்கிறது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2005ஆம் ஆண்டு ஜூன் மாதம். நான் ஒன்பதாம் வகுப்பு. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியின் சத்துணவு மையத்தில் அம்மாவுக்குச் சமையல் உதவியாளர் வேலை கிடைத்தது. பள்ளிக்கூடம் ஊருக்குள் இருக்கிறது, நாங்கள் காலனியில் இருக்கிறோம். முதல் நாள் ஊர்ப் பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு வரவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். ஊர்ப் பெரியவர்களிடம் அரை மணி நேரம் பேசினார். அம்மாவிடம், "எதுக்கும்மா பிரச்சினை, நல்ல இடமாப் பார்த்துப் போடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜூலையில் ஆணை வந்தது. 'நிர்வாக நலன் கருதி' வேறொரு பள்ளிக்கு மாற்றம். 14 கிலோமீட்டர், இரண்டு பேருந்து. அம்மா வாங்கிய சம்பளத்தில் பாதி பேருந்துக்கே போனது. இரண்டு ஆண்டுகள் இழுத்துப் பிடித்தார். பிறகு வேலையை விட்டுவிட்டு மறுபடியும் களை எடுக்கப் போனார்.

எங்கள் வீட்டில் இதைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'நம்ம நேரம்' என்றுதான் பேசினோம். ஒரு மனுகூடப் போடவில்லை. யாருக்குப் போடுவது, என்ன எழுதுவது என்று எங்களுக்குத் தெரியாது.

பத்து ஆண்டுகள் கழித்து, 2015இல், பெங்களூரில் பொதுக் கொள்கை முதுகலையின் முதலாம் ஆண்டில் இருந்தேன். உணவு உரிமை பற்றிய பாடம். மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் ஆணைகளைப் படித்துவிட்டு வரச் சொன்னார்கள். பள்ளிகளில் சமைத்த மதிய உணவு தர வேண்டும் என்று எல்லா மாநிலங்களுக்கும் உச்சநீதிமன்றம் 2001 நவம்பரில் உத்தரவிட்டது அந்த வழக்கில்தான். விடுதி அறையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன். 2004 ஏப்ரல் 20ஆம் நாளிட்ட ஆணையில் ஒரு வரி இருந்தது. மதிய உணவுச் சமையலர்களையும் உதவியாளர்களையும் நியமிக்கும்போது தலித்துகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்பது அதன் பொருள்.

அம்மாவை மாற்றியது 2005 ஜூலையில். அதற்குப் பதினைந்து மாதம் முன்பே நாட்டின் உச்சநீதிமன்றம் இப்படிச் சொல்லியிருக்கிறது. முன்னுரிமை கொடுத்து எடுக்கச் சொல்லி நீதிமன்றம் சொன்ன ஒருவரை, ஊர் முகம் சுளித்தது என்பதற்காக எப்படி வெளியே அனுப்புகிறீர்கள் என்று கேட்க அந்த ஒரு வரி போதும். தீண்டாமையைத் தண்டிக்க 1955லிருந்தும், வன்கொடுமைகளைத் தடுக்க 1989லிருந்தும் சட்டங்கள் இருந்தன. அன்று இரவு அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்பவே தெரிஞ்சிருந்தா உங்க பெரியப்பா ஒரு மனு எழுதிப் போட்டிருப்பாருல்ல" என்றார்.

தோழர்களே, இந்தப் படிப்பு என்ன தரும் என்று கேட்டால் என் பதில் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது. நம்மைப் பற்றிய முடிவுகள் எங்கே எழுதப்படுகின்றன, யார் கையெழுத்துப் போடுகிறார்கள், அந்த முடிவுக்கும் நம் வீட்டு வாசலுக்கும் நடுவில் அது எங்கே தொலைகிறது என்று தேடிக் கண்டுபிடிக்கும் பயிற்சியை இது தரும். அந்தப் பயிற்சியை எடுத்துக்கொண்டு எந்த வேலைக்கும் போகலாம். அதனால்தான் இந்தப் பட்டத்துக்கு ஒரே வேலையின் பெயர் இல்லை.

இரண்டு ஆண்டுகளில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள்? கொஞ்சம் பொருளாதாரம், கொஞ்சம் புள்ளியியல், சட்டம், அரசியல் அறிவியல், வரவு செலவுத் திட்டம், ஒரு திட்டம் வேலை செய்கிறதா என்று அளக்கும் முறை, களப்பணி. அமெரிக்காவில் பெர்க்லி போன்ற பல்கலைக்கழகங்கள் 1960களின் கடைசியில் இதற்கென்று தனிப் பள்ளிகள் தொடங்கின. இந்தியாவில் இது பரவலானது கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி, டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஐதராபாத் வளாகம், அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், மும்பை ஐ.ஐ.டி. என்று பல இடங்களில் இன்று இருக்கிறது. எந்த இளங்கலை படித்தவரும் பெரும்பாலான இடங்களில் விண்ணப்பிக்கலாம். பொறியியல், வேளாண்மை, தமிழ் இலக்கியம் படித்தவர்கள் என்னோடு படித்தார்கள்.

முதல் வாரத்தில் கரும்பலகையில் ஒரு வட்டம் போடுவார்கள். சிக்கலை அடையாளம் காண்பது, மாற்று வழிகளை ஆராய்வது, முடிவெடுப்பது, நடைமுறைப்படுத்துவது, மதிப்பிடுவது, மறுபடியும் முதலில் இருந்து. கொள்கை இப்படித்தான் உருவாகிறது என்பார்கள். பார்க்க அழகாக இருக்கும். அந்த வட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு கொள்கைகளைப் பாருங்கள்.

மண்டல் குழு 1980 டிசம்பர் 31 அன்று அறிக்கை கொடுத்தது. நாடு முழுவதும் கணக்கெடுத்து, சமூகம், கல்வி, பொருளாதாரம் என்று பதினொரு அளவுகோல் வைத்து எழுதிய அறிக்கை. பத்து ஆண்டுகள் அலமாரியில் கிடந்தது. 1990 ஆகஸ்டில் வி.பி. சிங் அறிவித்தார். அவர் ஆட்சியே போனது. 1992 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1993 செப்டம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. மொத்தம் 13 ஆண்டுகள்.

அடுத்தது, உயர்சாதி ஏழைகளுக்கான பத்து விழுக்காடு. 2019 ஜனவரி 8 அன்று மக்களவையில் கொண்டுவந்து அன்றே நிறைவேற்றினார்கள். 9ஆம் தேதி மாநிலங்களவை. 12ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். அரசமைப்புச் சட்டத்தின் 103ஆவது திருத்தம் ஐந்து நாளில் முடிந்தது. ஆண்டு வருமானம் எட்டு லட்சம் என்று வரம்பு வைத்தார்களே, அது எப்படி வந்தது என்று 2021இல் உச்சநீதிமன்றம் கேட்டபோது, அதை ஆராய அந்த ஆண்டு நவம்பர் கடைசியில் ஒரு குழு போட்டார்கள். முடிவு முதலில், ஆய்வு மூன்று ஆண்டு கழித்து.

ஆதாரம் இருந்தும் 13 ஆண்டு, ஆதாரமே இல்லாமல் ஐந்து நாள். அந்த வட்டத்தில் சாதி என்ற சொல் எங்கும் இல்லை. ஆனால் வட்டம் எவ்வளவு வேகமாகச் சுற்ற வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. இதை எந்தப் பேராசிரியரும் சொல்லித் தரமாட்டார் என்று நினைக்காதீர்கள். சொல்லித் தரும் நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் வகுப்பில் அந்தக் கேள்வியை எழுப்ப நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

இனி என் நான்கு வேலைகளுக்கு வருகிறேன்.

முதல் வேலை டெல்லியில், அரசுத் திட்டங்களை மதிப்பிட்டுக் கொடுக்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்தில். நல்ல சம்பளம். வீட்டுக் கடனை அடைத்தது அந்தச் சம்பளம்தான், அதை நான் மறைக்க விரும்பவில்லை. கிராமங்களில் கட்டிய கழிப்பறைகளை மக்கள் பயன்படுத்துகிறார்களா என்று ஒரு கணக்கெடுப்பு. வினாநிரலில் நான் ஒரு கேள்வி சேர்த்தேன்: 'குழி நிறைந்தால் அள்ளப் போவது யார்? அவர் எந்தச் சாதி?' மேலாளர் சிரித்த முகத்தோடு அதை நீக்கினார். ஆய்வின் எல்லைக்குள் அது வராதாம். அறிக்கை பளபளப்பாக வந்தது. எத்தனை கழிப்பறை, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் இருந்தது. அள்ளுகிறவர் அதில் இல்லை. கேட்காத கேள்விக்குப் புள்ளிவிவரம் வராது, புள்ளிவிவரம் இல்லாததைச் சிக்கல் என்றே அரசு ஏற்காது. வினாநிரல் எழுதுகிறவருக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று அங்கேதான் கற்றுக்கொண்டேன். ஓராண்டில் வெளியே வந்தேன்.

இரண்டாவது வேலை, ஒரு மக்கள் பிரதிநிதியிடம் ஆய்வு உதவியாளர். இப்படி ஒரு வேலை இருப்பதே நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களோடு ஏறத்தாழ ஓராண்டு வேலை பார்க்க, பி.ஆர்.எஸ். என்ற சட்டமன்ற ஆய்வு அமைப்பு 2010லிருந்து 'லாம்ப்' என்ற பெயரில் உதவித்தொகையோடு ஒரு பயிற்சி நடத்துகிறது. உறுப்பினருக்குக் கேள்வி எழுதிக் கொடுப்பது, மசோதாவைப் படித்துக் குறிப்புத் தயாரிப்பது, மானியக் கோரிக்கையின்போது வெட்டுத் தீர்மானம் எழுதுவது என்று வேலை இருக்கும். ஒரு கேள்வியில் ஒரு சொல் மாறினால் பதில் எப்படி மாறும் என்பதற்குப் பின்னாளில் வந்த ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். 2021 ஜூலையில், கையால் மலம் அள்ளுவதால் யாரும் சாகவில்லை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் பதில் சொன்னது. அப்படியானால் மலக்குழியில் மூச்சுத் திணறிச் செத்தவர்கள் யார்? 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் 'கையால் மலம் அள்ளுதல்' ஒரு வரையறை, கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கும் 'அபாயகரமான சுத்தம் செய்தல்' இன்னொரு வரையறை. முதலாவதைக் கேட்டால் சாவே இல்லை. இரண்டாவதைக் கேட்டால் நூற்றுக்கணக்கில் சாவுகள். சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் படித்தவர் எழுதும் கேள்வி வேறு மாதிரி இருக்கும்.

மூன்றாவது வேலை, வரவு செலவுத் திட்டத்தை ஆராயும் ஒரு சிறு அமைப்பில். சம்பளம் முதல் வேலையில் வாங்கியதில் பாதிகூட இல்லை. ஆனால் என் கண்ணைத் திறந்தது அதுதான். பட்டியல் சாதியினரின் மக்கள்தொகை விகிதத்துக்கு ஏற்ப அரசின் திட்ட நிதியில் பங்கு ஒதுக்க வேண்டும் என்ற கொள்கை 1970களின் கடைசியில் வந்தது. அதை உருவாக்கியதில் முக்கியமானவர் பி.எஸ். கிருஷ்ணன் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1990இல் மண்டல் பரிந்துரை அறிவிக்கப்பட்டபோது ஒன்றிய நலத்துறைச் செயலாளராக இருந்தவரும் அவரே. ஓர் அதிகாரி மனம் வைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அவர் சாட்சி.

இந்த நிதியைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். அரசின் செலவுக் கணக்கில் ஒவ்வொரு செலவுக்கும் எண் உண்டு. 789 என்ற சிறு தலைப்பு பட்டியல் சாதியினருக்கானது, 796 பழங்குடியினருக்கானது. தமிழ்நாட்டின் வரவு செலவு ஆவணங்களும் இணையத்தில் இருக்கின்றன. உங்கள் மாவட்டத்தில் 789இல் என்ன செலவானது என்று பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஒரு மாவட்டத்தில் நாங்கள் அப்படிக் கேட்டோம். 789இல் எழுதப்பட்டிருந்த ஒரு சாலையைப் பார்க்கப் போனோம். தார் பளபளவென்று இருந்தது. காலனிக்கு அரை கிலோமீட்டர் முன்னால் அந்தச் சாலை நின்றுவிட்டது. பணம் நம் பெயரில், சாலை ஊருக்கு. 2010இல் டெல்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிக்கு இப்படி நூற்றுக்கணக்கான கோடி திருப்பிவிடப்பட்டதைத் தலித் மனித உரிமைக்காக வேலை செய்தவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியாகத்தான் வெளியே கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றத்தில் அரசே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. இந்த நிதிக்கு ஆந்திரம் 2013இல் தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2024இல் வந்தது. சட்டம் வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிட முடியாது, 2004இன் ஆணையை மறந்துவிடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் எண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்க ஆள் வேண்டும்.

நான்காவது, இப்போது பார்க்கும் வேலை. தூய்மைப் பணியாளர் சங்கம் ஒன்றில் முழுநேர ஊழியர். "இதுக்கா மாஸ்டர் டிகிரி?" என்று என் நண்பர்களே கேட்டார்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டப்படி, ஊதியத்தை மாற்றும் முன் வரைவை அரசிதழில் வெளியிட்டு, கருத்துச் சொல்லக் குறைந்தது இரண்டு மாதம் அவகாசம் தரலாம். அந்த இரண்டு மாதத்தில் முதலாளிகள் தரப்பில் இருந்து வழக்கறிஞர்கள் எழுதிய ஆட்சேபனைகள் போகும். தொழிலாளி தரப்பில் இருந்து ஒன்றும் போகாது, ஏனென்றால் அரசிதழை யாரும் அவரிடம் காட்டியிருக்க மாட்டார்கள். எங்கள் சங்கத்தில் ஒரு வரைவை எடுத்து, கூட்டத்தில் வரிவரியாகத் தமிழில் வாசித்தோம். ஒரு அக்கா எழுந்து, "கையுறையும் சோப்பும் நாங்களே வாங்குறோமே, அந்தக் காசு இதுல எங்க இருக்கு?" என்றார். அந்தக் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கிடைத்ததில்லை. அதைக் கணக்காக மாற்றி, மனுவாக எழுதியதுதான் என் பங்கு. நாங்கள் கேட்டதில் பாதிகூட ஏற்கப்படவில்லை. ஆனால் அந்தக் கோப்பில் முதன்முறையாகத் தொழிலாளர் தரப்பின் காகிதம் ஒன்று இருந்தது. அடுத்த முறை அதிலிருந்து தொடங்கலாம்.

அந்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் மசோதாவை 1946இல் மைய சட்டமன்றத்தில் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினராக இருந்த டாக்டர் அம்பேத்கர்.

அண்ணலின் வாழ்க்கையை ஒருமுறை இந்தக் கோணத்தில் பாருங்கள். 1915இல் கொலம்பியாவில் பொருளாதாரத்தில் முதுகலை. சமூகவியல், வரலாறு, மெய்யியல், மானிடவியல் எல்லாம் சேர்த்துப் படித்தார். அன்று பொதுக் கொள்கை என்ற பெயரில் பட்டம் கிடையாது, ஆனால் அவர் படித்தது அதைத்தான். பிறகு 1918இல் மும்பை சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர். 1919இல் வாக்குரிமை பற்றிய சவுத்பரோ குழுவின் முன் சாட்சி. 1920இல் 'மூக்நாயக்' இதழ். 1923இல் ரூபாயின் சிக்கல் பற்றிய நூல், 1925இல் மாகாண நிதி பற்றிய நூல், அதே காலத்தில் நாணயச் சிக்கலை ஆராய்ந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சி. வழக்கறிஞர். மும்பை சட்டமன்ற உறுப்பினர். 1927இல் மகாத்தில் குளத்து நீருக்கான போராட்டம். தொழிலாளர் உறுப்பினர், சட்ட அமைச்சர், அரசமைப்பு வரைவுக் குழுத் தலைவர். ஆசிரியர், இதழாளர், வழக்கறிஞர், போராளி, அமைச்சர் என்று இத்தனை வேலைகள். எல்லா இடத்திலும் அவர் கேட்ட கேள்வி ஒன்றே: இந்த ஏற்பாட்டில் அடித்தட்டில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

பட்டம் சாதியைப் போக்கிவிடும் என்ற மயக்கமும் வேண்டாம். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917இல் பரோடா அரசில் வேலைக்குப் போன அவருக்கு அந்த நகரத்தில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. நமக்கு இன்றும் வாடகைக்கு வீடு தேடும்போது 'நீங்க என்ன ஆளுங்க' என்று கேட்கிறார்கள்.

இனி நம்மை வெளியே நிறுத்தும் கதவுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பைப் பல தனியார் பல்கலைக்கழகங்கள் பல லட்சம் கட்டணத்தில் நடத்துகின்றன. கடன் வாங்கி அங்கே போகாதீர்கள். அரசு நிறுவனங்களையும், முழு உதவித்தொகை தரும் இடங்களையும் முதலில் பாருங்கள். நுழைவுத் தேர்வும் வகுப்பும் ஆங்கிலத்தில்தான். முதல் பருவத்தில் நான் வாய் திறக்கவே இல்லை. என் ஆங்கிலம் மெல்ல மெல்ல வந்தது. ஆனால் ரேஷன் கடை எப்படி இயங்குகிறது என்று அந்த வகுப்பில் எனக்குத்தான் தெரிந்திருந்தது. அதைச் சொல்ல ஓர் ஆண்டு தயங்கினேன். நீங்கள் தயங்காதீர்கள்.

வெளிநாட்டில் படிக்க, ஒன்றிய அரசு பட்டியல் சாதியினர் உள்ளிட்டவர்களுக்கு ஆண்டுக்கு 125 பேருக்குத் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை தருகிறது. தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறையும் வெளிநாட்டு உயர்கல்விக்குத் தனியாக உதவித்தொகை தருகிறது. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். 2022இல் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை விதிகளை மாற்றி, இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்குப் பணம் கிடையாது என்றார்கள். அம்பேத்கர் 1916 மே 9 அன்று கொலம்பியாவில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற ஆய்வுரையைப் படித்தார். இந்த விதி அன்று இருந்திருந்தால், அந்தத் தலைப்பைச் சொல்லி அவரால் உதவித்தொகை கேட்டிருக்க முடியாது. ஒரு விதியில் ஒரு வரி. அதை எழுதிய மேசையில் நம்மவர் இருந்தாரா?

வேலை வாய்ப்பிலும் அதே கதைதான். அரசுத் துறைகளில் ஆலோசகர், இளம் வல்லுநர் என்ற பெயர்களில் ஒப்பந்தப் பணிகள் பெருகிவிட்டன. விளம்பரங்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் இனச்சுழற்சி என்ற சொல்லே இருக்காது. கொள்கை எழுதும் வேலை மெல்ல மெல்ல இடஒதுக்கீடு உள்ள நாற்காலியில் இருந்து இடஒதுக்கீடு இல்லாத நாற்காலிக்கு நகர்கிறது. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 45 உயர் பதவிகளுக்கு இடஒதுக்கீடு இல்லாமல் நேரடியாக ஆள் எடுக்க விளம்பரம் கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றே நாளில் திரும்பப் பெற்றது. விளம்பரத்தைப் படித்து, அதில் என்ன இல்லை என்று கண்டுபிடித்தவர்கள் இருந்ததால்தான் எதிர்ப்பு கிளம்பியது.

அதனால் தம்பிகளே, தங்கைகளே, ஐ.ஏ.எஸ்., குரூப் ஒன் தேர்வுகளுக்குப் படிப்பவர்கள் படியுங்கள், அந்த நாற்காலிகளும் நமக்கு வேண்டும். தேர்வு கிடைக்காவிட்டால் வாழ்க்கை முடிந்தது என்று ஆறேழு ஆண்டுகளை அறைக்குள் கரைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டிலேயே 2022லிருந்து முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் இருக்கிறது, இளைஞர்கள் இரண்டு ஆண்டுகள் அரசுத் துறைகளோடு வேலை செய்கிறார்கள். தரவு சார்ந்த இதழியல் இருக்கிறது. பொதுநல வழக்குகளுக்கு ஆய்வு செய்து தரும் வேலை இருக்கிறது. தொழிற்சங்கம் இருக்கிறது, கல்லூரி ஆசிரியர் பணி இருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வேலை மாறினால் 'நிலையில்லாதவன்' என்று உறவினர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய கட்டாயம் இருப்பவர்கள் முதலில் சம்பளமுள்ள வேலைக்குப் போங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் போனேன். ஆனால் கற்றதை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்ற கணக்கு மனதில் இருக்கட்டும்.

இன்னொன்று. என்னோடு படித்தவர்களில் ஆணைகளை என்னைவிட நன்றாகப் படிப்பவர்கள் உண்டு. அந்த ஆணையைத் தூக்கிக்கொண்டு போய் அலுவலக வாசலில் நிற்க நூறு பேர் இல்லையென்றால் அது வெறும் காகிதம். நூறு பேர் நிற்கும்போது கையில் அந்தக் காகிதம் இல்லையென்றால் 'பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். படித்தவரும் அமைப்பும் ஒன்றையொன்று விட்டுவிடக் கூடாது.

முடிப்பதற்கு முன் ஒரு வேலை தருகிறேன். இதற்குப் பட்டம் எதுவும் வேண்டாம். நாளை திங்கட்கிழமை. உங்கள் ஊர்ப் பள்ளியின் சத்துணவு மையத்துக்குப் போங்கள். இப்போது காலை உணவும் அங்கே சமைக்கிறார்கள். சமைப்பது யார் என்று பாருங்கள். நம் தெருவில் இருந்து ஒருவராவது இருக்கிறாரா? இருந்தால், எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா? இல்லையென்றால், நியமனத்தில் என்ன நடந்தது என்று ஒரு தகவல் உரிமை மனு எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், சேர்ந்து எழுதுவோம். 2004 ஏப்ரல் 20 ஆணையின் நகலையும் தருகிறேன்.

என் அம்மாவுக்கு அது பத்து ஆண்டு தாமதமாக வந்து சேர்ந்தது. உங்கள் ஊரில் இருக்கும் அந்த அம்மாவுக்கு நாளைக்கே போய்ச் சேரட்டும்.